ஆவோ என்றால் ஆமாம்

அடிஸ் அபாபாவில் யாராவது ‘ஆமாம்’ என்று சொன்னால் நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். சிரிக்காதீர்கள். இந்த ஊர் அம்ஹாரிக் மொழியில் ஆமாம் என்பதற்கு ‘ஆவோ’ என்கிறார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் உருது பேசும் தோழிகளோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவளுக்கு ஆவோ என்றால் ‘வா’. இங்குள்ள ஷூ கம்பெனிக்கு வந்த முதல் வாரம், என் லைனில் செக்கிங் செய்யும் அல்மாஸிடம் தூரத்திலிருந்து “ஓகே?” என்று கேட்டேன். “ஆவோ” என்றாள். போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்க, நான் அவளைப் பார்க்க, மறுபடியும் “ஓகே?” என்றேன். “ஆவோ, ஆவோ!” இன்னும் நெருங்கினேன். பாவம், கையில் ஷூவோடு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

அந்தச் சொல்லுக்கு நான் துள்ளி எழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆம்பூர் கம்பெனியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மாதனூர் நிறுத்தத்துக்கு நான் ஓடி வருவது தெரிந்தால் கம்பெனி பஸ் நிற்கும். தபால் வழியில் டிகிரி எழுத லீவு கொடுத்தார்கள். அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியே அனுப்பினார்கள். கெட்டது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் மேனேஜர். அவருக்கு உருது தெரியாது. ‘ஆவோ’ மட்டும் தெரியும். ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கி, கோழியைக் கூப்பிடுவது போல அழைப்பார். ஒருநாள் செக்கிங்கில், ஜோடியில் இடது ஷூ ஒரு நிறம், வலது ஒரு நிறம் என்று ஒரு லாட் சரக்கையே நிறுத்தி வைத்தேன்.

“பாஸ் பண்ணு.”

“வேணாம் சார், திரும்பி வந்துடும்.”

“உன்ன இன்னா மொதலாளியாவா வச்சிருக்கேன்?”

அவரே பாஸ் செய்து அனுப்பினார். சரக்கு திரும்பி வந்த அன்று எல்லோர் முன்னாலும் விரலை மடக்கினார். “ஆவோ. இவதான் பாஸ் பண்ணவ.” மேனேஜருக்கும் மேலே இருந்த பெரிய மேடத்திடம் போய்ச் சொன்னேன். நல்லவர்தான், ஆனால் எங்கள் லைனை அவர் மேனேஜரின் கண்ணால்தான் பார்த்தார். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட் ஷாஹின் அழுதே விட்டாள்.

“அந்தாள வுட்டுப் போடி, கம்பெனிய ஏன் வுட்டுப் போற?”

“ரெண்டும் ஒரே கேட்டுக்குள்ளதானே இருக்கு?” என்றேன்.

இப்போது பாருங்கள், நானே மேனேஜர்! ஒரு முழு லைன் என் பொறுப்பு. காலையில் பெண்கள் “செலாம்” சொல்லும்போது எனக்குத் தரையில் கால் பாவுவதில்லை. போன வாரம் என்னுடைய முதல் சரக்கு. வெளியே லாரி நிற்கிறது, அல்மாஸ் ஒரு ஜோடியைத் தனியே எடுத்து வைத்து “நோ” என்கிறாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது, வாய் ‘ஆ’ என்று திறந்தும் விட்டது. ஐயோ, அது அவருடைய விரல்! கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நானே அவளிடம் நடந்துபோனேன். அவள் இரண்டு ஷூவையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

“கலர்? ராங்?”

“ஆவோ.”

தப்புதான். லாரியை நிறுத்தினேன். யார் நிறுத்தியது என்று இந்தக் கம்பெனிப் பெரியவர் கேட்டபோது “நான்தான்” என்றேன். அதைச் சொல்லும்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அப்பப்பா!

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷாஹின் போன் செய்தாள்.

“அந்தாளு போய்ட்டான்டி! அவன் இருந்தவரைக்கும் ஒரே பேஜாரு. பெரிய மேடமே உன்னக் கேட்டாங்க. வந்துடுறியா?”

மனம் ஒரே ஓட்டமாக மாதனூர் நிறுத்தத்துக்கு ஓடியது. ஜன்னலுக்கு வெளியே அல்மாஸ், சந்தைக்குப் போகலாம் என்று கையசைத்துக்கொண்டிருந்தாள். ஷாஹினுக்கு ‘ஆமா’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஆவோ” என்று வந்தது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அடிப்பாவி! நான் உன்னக் கூப்டா, நீ என்ன அங்க கூப்புடுறியா? வேல இருந்தா சொல்லு, நெஜமாவே வர்றேன்.”

நானும் சேர்ந்து சிரித்தேன். எந்த ஊர் ஆவோவைச் சொன்னேன் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.