முன்னால் உட்கார்ந்து பார்க்கிற ரயில்

என் அக்காள் கோமதியம்மாளின் புருஷன் பிரம்மநாயகம் பம்பாயில் மோட்டார்மேன். மின்சார லோக்கல் ஓட்டுகிறவர். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து அந்த வேலைக்குப் போனவர் எங்கள் சுனாபட்டி சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், அவர் ஒருவர்தான். நான் நம்பிராஜன்; விக்ரோலியில் பட்டறை வேலை, தங்கலும் சாப்பாடும் அக்காள் வீட்டில். ஓசிச் சோறு தின்றதற்காக அத்தானுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

சாலுக்குப் பின்னால் தண்டவாளம். வீடுகள் இந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம். எந்தப் புண்ணியவான் அப்படி வைத்தானோ. சாயங்காலம் கடைசி நடையில் வரும்போது அத்தான் தூரத்து வளைவிலேயே இரண்டு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் கொடுப்பார். அது கேட்டதும் அக்காள் உலை வைப்பாள். அவர் வேலை முடித்து வீட்டுக்கு வரவும் சோறு வடிக்கவும் சரியாக இருக்கும். நாளடைவில் சால் முழுக்க அந்த ஊதலுக்குப் பழகிவிட்டது. அண்ணாச்சி இப்போதுதான் வளைவில் வருகிறார், அதற்குள் தாண்டிவிடலாம் என்று பெண்கள் குடத்தோடு இறங்குவார்கள். ரயில் ஊதினால் ஊரெல்லாம் ஒதுங்கி நிற்கும்; எங்கள் சாலில் மட்டும் கிளம்புவார்கள். கூறுகெட்ட கணக்கு. அதை நம்பி நானே எத்தனையோ தடவை தாண்டியிருக்கிறேன்.

அறுபத்து நான்கில் ஒரு நாள் சாயங்காலம், எங்கள் சாலிலேயே குடியிருந்த பேராச்சியின் மகள் ஆறுமுகத்தாய் தாண்டினாள். பதினாறு வயது. பாதி வழியில் தலையிலிருந்த சும்மாடு விழுந்தது, எடுக்கக் குனிந்தாள். அத்தான் பிரேக்கைப் போட்டுத்தான் பார்த்தார். அவ்வளவு பெரிய வண்டி நினைத்த இடத்திலா நிற்கும்? அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். பேராச்சி மட்டும் ஒரே பிடியாக நின்றாள்: பிரம்மநாயகம் அன்றைக்கு ஊதவே இல்லை. அக்காள் கேட்டிருந்தாள், நானும் கேட்டிருந்தேன். வீட்டு மனுஷனை விட்டுக்கொடுப்பார்களா என்று எங்கள் பேச்சைத் தள்ளிவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது தினமும் கேட்கிற சத்தம்; அன்றைக்குக் கேட்டதா என்றால் திருதிருவென்று முழித்தார்கள். வண்டியின் கடைசியில் இருந்த கார்டு தனக்குக் கேட்டதாகச் சொன்னார். ஒரே வண்டிக்காரன் வேறெப்படிச் சொல்லுவான் என்று பேராச்சி காறித் துப்பினாள். பெற்ற வயிறு, அவளை என்ன சொல்வது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அத்தானுக்கு வேலை போகாமல் தப்பியது, ஆனால் ஆள் பாதியாகிவிட்டார். அவள் ஒருத்தி நம்பினால் போதும் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. தினமும் அதே பாதையில்தான் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது.

மறு வருஷம் ஜப்பானுக்குப் போய்விட்டு வந்த இன்ஜினியர் ஒருவர் மோட்டார்மேன்களுக்கு ஒரு வண்ணப் புத்தகம் காட்டினாராம். அந்த ஊரில் ஒடாக்யூ என்று ஒரு தனியார் ரயில் கம்பெனி. டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைப் பக்கம் போகிற அவர்களுடைய மின்சார எக்ஸ்பிரஸில், ஓட்டுகிறவர் ஏணி ஏறி மாடியில் உட்காருவார். கீழே வண்டியின் மூக்கில், கண்ணாடிக்குப் பின்னால், பயணிகள் சொகுசாக உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டே போகலாம். மற்றவர்கள் என்ன வேகம் போகும் என்று விசாரித்திருக்கிறார்கள். அத்தான் மட்டும் முன்னால் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டாராம். ஒரு பத்துப் பேர் என்றதும், கெஞ்சிக் கூத்தாடி அந்தப் படம் இருந்த தாளை மட்டும் வாங்கி வந்துவிட்டார்.

வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேராச்சி வீட்டுக்குக் கிளம்பினார். இதென்ன கிறுக்குத்தனம், செருப்படி வாங்கப் போகிறீர்கள் என்று தடுத்தேன். கேட்கவில்லை. நானும் பின்னாலேயே போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். படத்தை அவள் முன்னால் தரையில் விரித்தார்.

"எம்மா, என் வண்டி இந்த மாதிரி இருந்திருந்தா பத்துப் பேரு முன்னால இருந்து பாத்திருப்பாவ. நான் ஊதுனனா இல்லையான்னு நீ அவியகிட்ட கேட்டிருக்கலாம். அங்க நான் ஒத்தையிலல்லா இருந்தேன்."

ஏசப் போகிறாள் என்று பார்த்தேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊதுனிய அண்ணாச்சி," என்றாள். "எனக்குக் கேட்டுது. அவ பயந்து நின்னா. அண்ணாச்சி வளைவுலதான் வாராவ, நீ போளான்னு நாந்தான் சொன்னேன்."

ஒரு வருஷமாக எங்களைப் படுத்திய பாட்டுக்கு நாலு வார்த்தை கேட்கலாம் என்று நிமிர்ந்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. இதை வாய்விட்டுச் சொன்ன பிறகு அவள் எப்படி உயிரோடு இருப்பாள்? அத்தானும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். படத்தை எடுத்து மெதுவாக மடித்தார்.

"நீ கேட்டது முந்தின நாளு ஊதுனதா இருக்கும்மா," என்றார். "அன்னைக்கு நான் ஊதல. மறந்துட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். அத்தான் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் அதை நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் குழாயடியில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் பேராச்சி அவரைக் கொலைகாரா என்று ஏசினாள். அத்தான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, அவள் ஏசி முடிக்கிறவரை அங்கேயே நின்றார்.