ஐஸ் கடைக்கு ஒரு பனிமலை

நான் பனியைப் பார்த்ததில்லை. மார்கழி விடியலில் ஈசிஆரில் எதிரே வரும் லாரியை மறைக்கிறதே, அந்தப் பனி எனக்குப் பழக்கம். மலைமேல் குவிந்து, ஏரியை இறுக வைத்து, மரங்களுக்கு வெள்ளையடிக்கிற பனியைத்தான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ஐஸ் மீன் பெட்டிக்குள் கிடக்கும். அதில் எப்போதும் இரண்டு செதில் ஒட்டியிருக்கும். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு எட்டடிக்கு ஐந்தடி கேன்வாஸில் ஒரு பனிக்காலக் காட்சி வரைய ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டேன் என்பதும் சரியில்லை. ஒப்புக்கொண்டது என் மனைவி.

என் தொழில் மரக்காணத்தைச் சுற்றியிருக்கும் குப்பங்களில் ஃபைபர் படகுகளுக்குப் பெயர் எழுதுவது, பட்டை அடிப்பது, கேட்டால் மூக்குப் பக்கம் ஒரு சுறா வரைவது. நான் வரைந்த சுறாவைப் பார்த்து இதுவரை யாரும் பயந்ததில்லை. ஒன்று சிரிக்கிற மாதிரியே அமைந்துவிட்டது. அழித்துவிட்டு வேறு போடுகிறேன் என்றேன். அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் நல்ல மீன் படுகிறது என்று படகுக்காரர் விடவில்லை. நான் சம்பாதித்த பெரிய பாராட்டு அதுதான். வீட்டில் அதுவும் கிடையாது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் படத்தைப் பற்றி என் மனைவி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள் என்று மட்டும் சொல்வாள்.

அவளுடைய தம்பி ஈசிஆர் ஓரம் ஐஸ்கிரீம், கூல்டிரிங்ஸ் கடை போட ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லாரும் இருந்தோம். கடையின் பின்சுவரில் ஒரு பனிமலை இருந்தால் வருகிறவர்களுக்குப் பார்த்ததுமே குளிரும் என்று பேச்சு வந்தது. ஃப்ளெக்ஸ் அடித்துவிடலாம் என்றான் மச்சான். என் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எதுக்குடா ஃப்ளெக்ஸு? அவரு வரைவாரு."

வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் மூன்றாவது வடையில் இருந்தேன். அந்த வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிற மாப்பிள்ளை என்று எனக்குப் பெயர் உண்டு. வேறு பெயர் கிடையாது.

"ஃப்ளெக்ஸ விட நல்லா வரைவாரு," என்றாள் மறுபடியும்.

அவள் பிறந்த வீட்டில் ஒன்று இப்படித்தான் என்று சொன்னால் அது அப்படித்தான் இருக்கும். புதுக் கிணற்றில் உப்புத்தண்ணி வரும் என்றாள், வந்தது. வாங்கின கறவை மாடு உதைக்கும் என்றாள், உதைத்தது. அதனால் அங்கே அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பு. இப்போது அந்த மதிப்பை எடுத்து என் பிரஷ்ஷின் நுனியில் கட்டிவிட்டாள். வண்டியில் திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒன்றே ஒன்று சொன்னாள். "சொல்லிட்டேன். என் மானத்த வாங்கிடாதீங்க."

புதுச்சேரிக்குப் போய் கேன்வாஸ் துணி வாங்கி வந்தேன். சவுக்குக் கழியில் சட்டம் அடித்தேன். துணியை ஒவ்வொரு பக்கமும் நடுவில் முதலில் அடித்து, அங்கிருந்து மூலைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். நான் மூலையிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் தொய்ந்து, பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற ஏணை மாதிரி ஆயிற்று. ஆணி பிடுங்கித் திரும்ப அடித்தேன். இரண்டு பூச்சு பிரைமர், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு. அதுவரை தொழில்காரனாகத்தான் இருந்தேன்.

பிறகு போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். கெட்டியான ஸ்வெட்டர் போட்ட ஒரு வெளிநாட்டு அம்மா. அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பனி வெள்ளை இல்லை என்பது. வீடியோவை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். தண்ணீரில் கரைக்கிற வெள்ளை பெயின்ட் நான்கு லிட்டர் வாங்கி வைத்திருந்தேன்.

பனிக்குச் சொந்த நிறம் கிடையாதாம். மேலே வானம் என்ன நிறமோ அதை எடுத்துக்கொள்ளும். நிழல் விழுகிற பக்கம் நீலம், அதில் ஒரு துளி கத்திரிப்பூ நிறம். வெயில் விழுகிற பக்கம் லேசான மஞ்சள். முதலில் துணி முழுக்க இந்த நீலச் சாம்பலை மெல்லியதாகப் பூசிவிட வேண்டும். சுத்தமான வெள்ளை கடைசியில், கஞ்சன் கை மாதிரி, அங்கங்கே.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் விடிகாலை உப்பளத்துக்குப் போனேன். வரப்பில் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்தார்கள். சூரியன் கடல் பக்கத்திலிருந்து கிளம்பியது. அம்பாரத்தின் மேற்குப் பக்கத்து நிழலைப் பார்த்தேன். நீலம். நல்ல துவைத்த லுங்கி நீலம். நாற்பது வருஷமாக அதன் பக்கத்திலேயே குடியிருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். நீலத்தைத் தேடுகிறேன் என்றேன். அவர் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

மலைக்குக் கத்தி வேண்டும் என்றாள் ஸ்வெட்டர் அம்மா. சுவருக்குப் பட்டி பார்க்கிற தகடு என்னிடம் இருந்தது. தகட்டின் ஓரத்தில் பெயின்டை எடுத்து, மலை முகட்டிலிருந்து கீழே, அழுத்தாமல் இழுக்க வேண்டும். அழுத்தாவிட்டால் பெயின்ட் அங்கங்கே அறுந்து, பாறை தெரிந்து, சொரசொரவென்று பனி படிந்த மாதிரி நிற்கும். என் கைக்கோ தகட்டைப் பிடித்தால் சமன் செய்துதான் பழக்கம். ஓட்டை எதுவும் இருக்கக்கூடாது என்று அது தானாகவே தேய்க்கும். முதல் நாள் என் மலை அவ்வளவு வழவழப்பு. ஒரு பிளம்பர் வந்து அதில் குழாய் பொருத்தியிருக்கலாம். இரண்டு தடவை சுரண்டி, மூன்றாவது தடவை தகட்டை இடது கையில் பிடித்து இழுத்தேன். இடது கைக்குத் தொழில் தெரியாததால் மலை நன்றாக வந்தது.

மரங்களில் தூரத்து மரம் வெளிறியும் பக்கத்து மரம் கறுத்தும் இருக்க வேண்டும். அந்த ஊர் மரம் கூம்பாக இருக்கும். உச்சியில் ஒரு கோடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரஷ் ஓரத்தால் தட்டிக்கொண்டே இறங்க வேண்டும். தட்டினேன். சவுக்கு வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி சவுக்கு. சவுக்குத் தோப்பில் பனி பெய்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

உறைந்த ஏரிதான் பெரிய வேலை. மலையின் நிறங்களைக் கீழே தலைகீழாக வைத்து, ஈரம் இருக்கும்போதே அகலமான பிரஷ்ஷால் நேர் கீழே இழுத்து, பிறகு ஒரே ஒரு தடவை குறுக்கே லேசாகத் தடவ வேண்டும். அப்போதுதான் தண்ணீருக்கு மேல் ஐஸ் மூடியது போல இருக்கும். எங்கள் ஊர் வெயிலில் நான் இந்த ஓரத்தில் பூசி அந்த ஓரத்துக்குப் போவதற்குள் இந்த ஓரம் காய்ந்துவிட்டது. என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். தோசைக்கல்லில் தெளிக்கிற மாதிரி அவள் தெளித்துக்கொண்டே போக, நான் பின்னாலேயே இழுத்துக்கொண்டே போனேன். அரை மணி நேரம். ஏரி உறைந்தது. அவள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.  அன்றைக்குக் குழம்பில் கருவாட்டுத் துண்டு கூடுதலாக இருந்தது.

மினுமினுப்பு மட்டும்தான் பாக்கி. படத்தில் இருப்பதிலேயே கறுப்பான இடத்தை ஒட்டி, கெட்டியாகச் சுத்த வெள்ளையில் ஒரு பொட்டு. மூன்று நான்கு இடம் போதும், பனி தானாக மின்னும் என்றாள் ஸ்வெட்டர் அம்மா. அங்கேதான் எனக்கு அறிவு வந்தது. பாவம், அவள் ஊரில் உப்பளம் இல்லை, பொட்டு வைத்துச் சமாளிக்கிறாள் என்று நினைத்தேன். பாத்தியிலிருந்து அன்று காலை வாரிய கல்லுப்பு இரண்டு கை வாங்கி வந்தேன். மலை உச்சியிலும் ஏரிக்கரையிலும் வெள்ளையைக் கெட்டியாகப் பூசி, ஈரத்தோடு அதன்மேல் உப்பைத் தூவி, உள்ளங்கையால் ஒற்றினேன்.

இரண்டு மணி வெயிலில் அந்த மலை மின்னியதைச் சொல்லி மாளாது. என் மனைவியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா போட்டீங்க அதுல?"

"டெக்னிக்கு," என்றேன்.

உப்பு என்று சொல்லியிருந்தால் உப்பளத்துக்காரர் வீட்டுப் பெண் அவள், அங்கேயே நிறுத்தியிருப்பாள். எனக்குப் பெருமை. சொல்லவில்லை.

கடை திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் படத்தை மினி வேனில் கொண்டுபோய் மாட்டினோம். மச்சான் எதிரே நின்று பார்த்தான். நல்லாத்தான் இருக்குது மாமா என்றான், எதிர்பார்க்காததைச் சொல்கிற குரலில். தரையை நன்றாகக் கழுவிவிட்டு, ஈரத்தோடு ஷட்டரை இறக்கிவிட்டு வந்தோம்.

காலையில் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். ஷட்டரைத் தூக்கினார்கள். பால் பொங்கியது. எல்லாரும் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியிலிருந்து ஒரு சொட்டு கிளம்பியது. மலைச்சரிவில் இறங்கி, ஒரு சவுக்கைத் தாண்டி, ஏரியில் நீலமாக ஒரு கோடு போட்டுக்கொண்டு சட்டத்தில் வந்து நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தரையில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் ஏரி நிஜமாகவே ஏரியாகிவிட்டது.

உப்பு கடல்காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். எங்கள் பக்கத்தில் உப்பு ஜாடி வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இது தெரியும். பாத்தியிலிருந்து அன்றே எடுத்த பச்சை உப்பு இன்னும் மோசம். கசப்புத் தண்ணி வடியட்டும் என்றுதான் அதை அம்பாரமாகக் குவித்து நாள்கணக்கில் விடுகிறார்கள். அந்த அம்பாரத்தின் எதிரில்தான் நான் விடியக்காலையில் நின்று நீலத்தை ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மாமியார் எழுந்து படத்தருகில் போனார். சின்ன வயதிலிருந்து உப்பு வாரியவர். விரலால் பனிமலையைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"நம்ம உப்புதான்," என்றார் எல்லாருக்கும். பிறகு என்னிடம், "கசப்பு இன்னும் போவல மாப்ள. இன்னும் ரெண்டு நாளு விட்டு எடுத்துருக்கலாம்."

அந்த நேரத்தில் மச்சான் ஃப்ரீசருக்குப் பின்னாலிருந்து நீளமாக ஒரு சுருளை எடுத்தான்.

"கோச்சிக்காதீங்க மாமா. ஒரு சேஃப்டிக்கி அடிச்சி வச்சேன்."

கொஞ்சம் பிரித்தான். ஃப்ளெக்ஸ். வெள்ளை மலை, அதன் முன்னால் ஒரு வெள்ளைக் கரடி கோன் ஐஸ் பிடித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் கரடி எனக்குப் பிடித்திருந்தது. மாட்டிவிடுவோம், நானே ஸ்டூல் பிடிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவள் சொட்டுகிற படத்தைப் பார்க்கவில்லை. சுருளைத்தான் பார்த்தாள்.

"எப்ப அடிச்ச இத?"

"போன வாரம்க்கா."

"நான் சொன்னதுக்கு அப்பறமா?"

அவன் பால் பாத்திரத்தைப் பார்த்தான்.

"பனின்னா உருகும்டா," என்றாள் அவள், சத்தமே போடாமல். "உருகலன்னாதான் டூப்ளிகேட். உன் கரடிய மாட்டு, உருகுதா பாக்கலாம்."

மச்சான் கரடியைச் சுருட்டி ஃப்ரீசருக்குப் பின்னாலேயே வைத்துவிட்டான். அவள் பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கொண்டுவந்து, இதற்காகவே வாங்கியது போல, படத்துக்கு நேர் கீழே வைத்தாள். அன்றைக்கு வந்தவர்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஆரோவில் போகிற வழியில் இறங்கிய ஒருவர், தண்ணி எங்கேருந்து வருது, மோட்டார் எங்கே வச்சிருக்கீங்க என்று விசாரித்தார். மலையிலிருந்து வருகிறது என்றேன்.

சாயங்காலம் வண்டி கந்தாடு தாண்டியதும் அவள், "அங்க சொன்னது அங்கத்தோட சரி," என்றாள். "போயி சரி பண்ணுங்க."

மூன்று நாள், கடை திறப்பதற்கு முன்னால் போனேன். தகட்டால் உப்பைச் சுரண்டினேன். நல்ல தண்ணீரில் துணியை நனைத்து மூன்று முறை துடைத்து, ஃபேன் போட்டுக் காயவிட்டேன். தரை பாழாகாமல் இருக்கக் கீழே விரிக்க ஏதாவது கொடு என்று கேட்டதற்கு மச்சான் ஃப்ரீசருக்குப் பின்னால் போய் அந்தச் சுருளைத்தான் எடுத்துக் கொடுத்தான். நான் வேலை செய்யும்போது கீழேயிருந்து கரடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அதன் மூக்கு நீலமாகிவிட்டது. மறுபடியும் நீலச் சாம்பல், மறுபடியும் இடது கை. கடைசியில் சவுக்கின் கறுப்பை ஒட்டி ஒரு பொட்டு, பாறைக்குப் பக்கத்தில் ஒன்று, ஏரிக்கரையில் ஒன்று, உச்சியில் ஒன்று. ஐந்தாவது வைக்கக் கை அரித்தது. பிரஷ்ஷை வெளியே கொண்டுபோய் வண்டி டிக்கியில் போட்டுப் பூட்டினேன். திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தேன். மின்னியது. ஸ்வெட்டர் அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் கடல்காற்று ஏறியிருந்த நேரத்தில் என் மனைவி கடைக்கு வந்தாள். நேரம் பார்த்துத்தான் வந்திருந்தாள். தம்பியிடம் ஒரு ரோஸ்மில்க் வாங்கிப் பாதி குடித்தாள். டம்ளரோடு படத்துக்கு அருகில் போனாள். அடியில் பேசின் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு விரலை எச்சில் பண்ணி, மலை உச்சியில் அழுத்தி எடுத்து, நாக்கில் வைத்தாள். நானும் மச்சானும் காத்திருந்தோம்.

"உப்பில்ல," என்றாள்.

எங்கள் வீட்டில் இந்த வார்த்தையை நான்தான் சொல்லுவேன், ரசத்தைப் பற்றி. சொன்ன நாளில் வீடு அமைதியாக இருக்காது.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "இன்னொரு ரோஸ்மில்க் போடுடா," என்றாள். "அவருக்கு."