அம்மா ஓடிய ஓட்டம்

இன்று காலை உட்துறைமுகப் பக்கமாக நடந்துபோகையில், மைதானத்தில் பிள்ளைகள் ஓட்டப்போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். கடற்காற்றில் ஈரச் சுண்ணாம்பு மணத்தது. அது அப்பாவின் மணம்.

அப்பா கணித வாத்தியார். பள்ளி இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டால் பள்ளி விட்ட பிறகும் மைதானத்தில்தான் நிற்பார். வீட்டுக்கு வரும்போது முழங்கை வரை வெள்ளையாக இருக்கும். "அப்பிடியே குசினிக்குள்ள வராதேங்கோ" என்று அம்மா அவரைச் சமையலறை வாசலிலிருந்தே கிணற்றடிக்கு அனுப்புவார்.

ஒரு வருடம் தாய்மாருக்கான ஓட்டத்தில் அம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார். முடிவுக் கோட்டில் நடுவராக நின்றவர் அப்பா. முன்னால் வந்துகொண்டிருந்த அம்மாவை, கோட்டுக்குக் கிட்ட வைத்துப் பள்ளி அதிபரின் மனைவி எட்டிவிட்டார்; இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள். அப்பா அதிபரின் மனைவிக்கே முதலிடம் கொடுத்தார்.

அன்று பின்னேரம் அம்மா தேநீரை மேசையில் வைத்த சத்தம் முற்றம் வரை கேட்டது.

"அதிபருக்குப் பயந்துதானே அவவுக்குக் குடுத்தனீங்கள்?"

"இல்லை," என்றார் அப்பா. "நீர் கோட்டடியில என்னைப் பாத்துச் சிரிச்சனீர். அதிலதான் பிந்தினனீர்."

அம்மா அடுத்த வருடம் நேரே பார்த்து ஓடி வென்றார்.

அப்பா இப்போது இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த ஓட்டங்களைப் பற்றிக் கேட்டேன்.

"நான் வெண்ட வருசம் அவர் எந்தப் பக்கம் நிண்டவர் எண்டே தெரியாது, பிள்ளை," என்றார். "தோத்த வருசம் அவற்ற முகம் இப்பவும் தெரியுது."