அன்னக் கரைப் புடவை

என் கல்யாணப் புடவையின் கரையில் அன்னங்கள் வரிசையாக நடக்கும். ஒவ்வொன்றின் வாலும் கொடியாக நீண்டு, பின்னால் வரும் அன்னத்தின் அலகைத் தொடும். அரக்குச் சிவப்பில் சரிகை. இந்தக் கரையைப் போட்டவர் என் தாய்மாமன். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் தோய்த்தவர், டிசைனும் வரைவார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் பல்லவர் காலத்துச் சிறிய சிவன் கோயில் ஒன்று உண்டு. எட்டாம் நூற்றாண்டு என்பார்கள். சிங்கத் தூண்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அங்கே ஒரு மாடத்தில், மணற்கல்லின் மேல் சுண்ணச்சாந்து பூசி, காவியும் மஞ்சளும் கொண்டு எழுதிய அம்பாள் எஞ்சியிருந்தாள். பிற்காலத்தார் மேலே பூசிய காரை உதிர்ந்ததால் வெளிப்பட்டவள். முகமும் தோளும் உடையின் ஓரமும் மங்கலாகத் தெரியும். அந்த ஓரத்தில்தான் அன்னங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குத் தை மாதத்துக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அந்த அன்னங்களை என் புடவைக் கரைக்கு வரைந்துகொள்ள மாமா என்னை அங்கே அழைத்துப் போனார். வெளுத்துப்போன பழைய புடவையைக் கொண்டுவந்து அதே நிறத்தில் புதிது கேட்பவர்கள் உண்டு. மாமா அதன் முனையை நனைத்துப் பழைய நிறத்தைக் கண்டுபிடித்துவிடுவார். சுவருக்கும் அதையே செய்தார். ஈரத்துண்டால் ஒற்றியதும் சிவப்பு மேலெழுந்து வந்தது.

“பாரும்மா, எங்கியும் போவல. உள்ளதான் இருக்குது,” என்றார்.

காய்ந்ததும் மங்கியது. மறுபடி ஒற்றினார். வரைந்து முடிக்கும்வரை பல மாலைகள் இப்படியே போயின. கடைசி நாள் முகத்தின் மேலிருந்து துண்டை எடுத்தபோது சாந்து குழைந்து அதோடு வந்துவிட்டது. அம்பாளின் முகம் துண்டில் செம்மண் கறையாக இருந்தது. மாமா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

கல்யாணத்தன்று, “அம்பாளுக்கே ஜோடியா நிக்கிறா பாருடி,” என்று அத்தை கேலி செய்ய, பெண்கள் சிரித்தார்கள். அந்தக் கோயில் குருக்கள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமாவிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “நன்னா வந்திருக்கு. இனிமே தரிசனத்துக்கு இங்கதான் வரணும்.”

மாமா பந்தியில் உட்காரவில்லை. அதன்பின் அவர் அந்தக் கோயிலுக்குள் போனதே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். கோயில்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த வெட்கம் எனக்கும் வந்து சேர்ந்தது. நான் தேடிய எந்த நூலிலும் அந்த அம்பாளின் படம் இல்லை.

சென்ற மாதம் கோயில் ஓவியங்களை ஆராயும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். புடவையை விரித்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் மாமாவைக் குறை சொல்லவில்லை.

“முகம் எப்படி இருந்துதுன்னு ஞாபகம் இருக்குதாம்மா?” என்றாள்.

குடும்பத்தில் எது எந்த மாதம், எந்தக் கிழமை நடந்தது என்று என்னிடம்தான் கேட்பார்கள். அந்த முகத்தைப் பற்றி என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அத்தனை மாலையும் அம்பாள் எதிரில் நின்று நான் கரையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் போனபின் புடவையை மடித்தேன். உள்ளங்கை வியர்வை பட்ட இடத்தில் சிவப்பு சற்றே கூடித் தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன்.