தாடிக்கொம்பில் ஏறிய பூக்கூடை

பழைய கார் பார்க்கப் போனால் என் வீட்டுக்காரர் போலீஸ்காரராகிவிடுவார். அன்றும் தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டே இருந்தார். விற்கிறவரோ, "வாடகைக்கே விட்டதில்ல சார், குடும்பத்தோட பழனிக்குப் போறதோட சரி" என்று சத்தியம் செய்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "எந்திரிச்சு ஓட்டித்தான் பாருங்களேன்!" என்று கத்தினேன்.

மூவரும் கிளம்பினோம். தாடிக்கொம்பு பஸ் ஸ்டாப்பில் முன்னால் ஒரு பஸ் நிற்க, எங்கள் வண்டியும் நின்றதும், பின்கதவைத் திறந்துகொண்டு மல்லிகைக் கூடையோடு ஒரு அக்கா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் இருந்த விற்கிறவரிடம், "என்னண்ணே, இன்னைக்குப் புது டிரைவரா? பூ மார்க்கெட்ல இறக்கிவிடச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்கே ஓட்டினார். இறங்கிய அக்கா என் வீட்டுக்காரர் கையில்தான் காசைத் திணித்தார்.

வண்டியை நாங்கள் வாங்கவில்லை. அந்த முதல் சவாரிக் காசை மட்டும் மனுசன் இன்னும் செலவழிக்கவில்லை.