குட்டி சிக்லிட்டுக்கு அக்கம்பக்கம் தேடிய கதை

சால்வைக்குள் வெதுவெதுவென்று ஒரு பிளாஸ்டிக் பை... அதற்குள் தண்ணீர் தளும்பும் சத்தம். ஏற்காடு பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது அந்தப் பை என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜன்னல் வழியே பனி உள்ளே வந்தது. நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, உள்ள என்னங்க?"

"மீனுங்க."

"குழம்புக்குப் பத்தாதுங்களே!"

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. ஏற்காட்டுப் பக்கம் கிளியூரில் மாமனார் வீட்டில் இருந்தோம். கணவர் செந்தில் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்து, மீனை மட்டும் என் விருப்பத்துக்கு விட்டிருந்தார். சேலத்துக் கடையில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு ஜோடி. ஆணுக்கு நீளமான துடுப்பும் நீல மினுமினுப்பும். குட்டி சிக்லிட் என்றார்கள். பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட்டேன்.

"மீனு நல்ல மீனுங்க. ஆனா கூட எதை உடறீங்கங்கறதுல மட்டும் சூதானமா இருந்துக்கோங்க" என்றார் கடைக்காரர். நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டும் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சிக்குள் புகுந்துகொண்டன. அவ்வளவுதான்... வெளியே வரவே இல்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் செடியைப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மாமாவுக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. மலைக் குளிருக்காகத் தொட்டியில் ஹீட்டர் போட்டதிலேயே அவருக்கு ஒரு மனத்தாங்கல். "எனக்கு ஒத்தை ஸ்வெட்டரு, மீனுக்கு ஹீட்டரா கண்ணு?" என்பார். அவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்கு வரும் குடும்பங்களுக்கு, வரிசையாகச் சுவரொட்டிக் கட்டிய லயன் வீடுகளை ஒதுக்குவதும் அவர் கையில்தான் இருந்ததாம். யார் பக்கத்தில் யாரைக் குடிவைத்தால் சண்டை வராது என்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பினார்.

"கூட்டாளி இல்லாம பயந்து கெடக்குதுங்க கண்ணு. நான் பாத்துக் குடி வெக்கறேன்."

கண் டாக்டரைப் பார்க்கச் சேலம் போனவர், ஒரு பையோடு திரும்பினார். உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் மீன்கள்.

"சட்டை போட்டாப்புல எவ்வளவு நீட்டா இருக்குதுங்க பாரு. குணமான ஆளுங்க."

குணமான ஆட்கள் மறுநாளே ஆண் சிக்லிட்டின் துடுப்பைக் கடித்துக் கிழித்துவிட்டன. பாவம், அது கொட்டாங்குச்சியை விட்டு எட்டிப் பார்த்தால் ஒன்று வாலை இழுத்தது, இன்னொன்று முதுகைக் கொத்தியது. செந்தில் ஒரு வலை, நான் ஒரு வலை, மாமா மாவுச் சல்லடை... தண்ணீர் பாதி தரையில் இருந்தது. கடைசி பார்ப் பிடிபட்டபோது மாமாவின் வேட்டியில் காய்ந்த இடமே இல்லை. எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுச் சிமெண்ட் தொட்டிக்கு அனுப்பினோம்.

"முகத்தைப் பாத்து ஏமாந்துட்டேன் கண்ணு" என்றார்.

அடுத்தது செந்திலின் முறை. "கோரின்னு ஒரு மீனு இருக்குது. பரம சாது. கீழ விழுந்ததைத் தின்னுட்டு அது பாட்டுக்குக் கெடக்கும்."

சாதுதான். ஆனால் அது வந்த நேரம், பெண் சிக்லிட் எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறி, கொட்டாங்குச்சியின் உள்கூரையில் முட்டை வைத்துவிட்டாள். அதோடு தரை முழுக்க அவளுடையது. தன்னைவிடப் பருத்த கோரிகளை ஒரு மூலைக்குத் துரத்தி நிறுத்தினாள். மாமா சாப்பாட்டுத் தட்டோடு தொட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "உடாத சாமி! அப்படித்தான்!" என்று கத்தினார்.

விடிந்து பார்த்தால் முட்டை ஒன்றுகூட இல்லை. விளக்கை அணைத்த பிறகு கோரிகள் மோப்பம் பிடித்து மேய்ந்திருக்கின்றன. காலிக் கொட்டாங்குச்சியையே அவள் சுற்றிச் சுற்றி வந்தாள்... மஞ்சள் நிறம்கூட இன்னும் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது. மாமா அன்று காலை தோசையைத் தொடவில்லை.

அங்கேயே உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன்: தொட்டியின் மேல்பாதி காலியாகவே கிடந்தது. சண்டை எல்லாம் தரைக்குத்தான். அப்படியானால் மேலேயே இருக்கிற ஆளாகப் பார்க்க வேண்டியதுதானே?

கோரிகளோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் அவற்றை வாங்கிக்கொண்டு, மெலிந்து நீண்ட பென்சில் மீன்களைக் கொடுத்தார். வீட்டில் மாமா பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விசாரணையை ஆரம்பித்தார்.

"இவங்க கடிப்பாங்களா?"

"இல்லீங்க மாமா."

"கீழ வருவாங்களா?"

"நொம்ப வர மாட்டாங்க."

"அப்பறம் என்னதான் பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. சும்மா நிப்பாங்க."

"அப்ப இவங்கதான் கண்ணு குடித்தனத்துக்கு ஆளுங்க!"

பென்சில் மீன்கள் மேலே பயமில்லாமல் நிற்பதைப் பார்த்து, சிக்லிட் ஜோடிக்கும் தைரியம் வந்தது. மெல்ல வெளியே வந்தன. ஆணின் துடுப்பு வளர்ந்தது. பெண் மறுபடி மஞ்சளானாள். நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குள் குசுகுசுவென்றுதான் பேசினோம்.

ஒரு நாள் காலை மாமாவின் அலறல்.

"கண்ணு, ஓடியா! டேய் செந்திலு!"

மணல் பொடி போலக் குஞ்சுகள்... முன்னால் அம்மா. வேடிக்கை பார்க்கக் கீழே இறங்கிய ஒரு பென்சில் மீன், அவள் திரும்பிய திரும்பலில் விறுக்கென்று மேலே ஏறிவிட்டது. மாமா தெருவையே கூட்டி வந்துவிட்டார். அன்றைக்கு வந்தவர்கள் யாரும் காபியைத் தொடவில்லை. ஆறி ஏடு கட்டிப் போனது.

இப்போது சேலத்தில் ஃபிளாட். மீன் கூரியரில் வருகிறது. எதோடு எது ஒத்துப்போகும் என்று போனில் தட்டினால் பச்சை டிக் வந்துவிடுகிறது. எங்கள் தொட்டியில் எல்லாமே பச்சை டிக். யாரும் யாரையும் கடிப்பதில்லை, துரத்துவதில்லை.

போன மாதம் மாமா வந்திருந்தார். தொட்டி முன்னால் நாற்காலி போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல மீனுங்கதான் கண்ணு... ஆனா ஒண்ணுக்கொண்ணு ஒரு பேச்சுவார்த்தையே இல்லீயே" என்றவர், டிவியைப் போடச் சொன்னார்.

சீரியலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.