முத்திரையிட்ட பை

இலங்கையிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தபோது, நான் என் ரொறொன்ரோ வீட்டில் சமையலறைக்கும் யன்னலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். மனைவி இறந்து பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த மாதங்களில் ஒரே கதிரையில் அரைமணி நேரம் தொடர்ந்து இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மாணவர் இப்போது ஓர் அரச குழுவில் இருக்கிறார். வடக்கின் தீவுகளுக்கு வெளிநாட்டுப் பயணிகளை வரவழைப்பதற்காக, இறங்குதுறைகளில் தீர்வையற்ற, அதாவது சுங்கவரியில்லாத, கடைகளைத் திறக்கலாமா என்பதே அக்குழு ஆராயும் கேள்வி.

“ஐஞ்சு பக்கம் காணும் சேர். தீவுப் பொருளாதாரம் எண்டால் நீங்கள்தானே.”

“உங்கட குழு ஏற்கெனவே முடிவெடுத்திட்டுதோ?”

“எடுத்திட்டினம் சேர். அதுக்குத்தான் உங்கட அபிப்பிராயம் தேவைப்படுது.”

ஒப்புக்கொண்டேன். ஆனால் எழுத முடியவில்லை. காலையில் முதல் வாக்கியத்தை எழுதுவேன், வெட்டுவேன், மேலங்கியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். நான் தேடிப் போனது ஒரு போத்தலை.

மனைவி இறப்பதற்கு நான்கு மாதங்களுக்கு முன், கரீபியன் கடலின் சிறு தீவொன்றில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். திரும்பும் நாளில் விமான நிலையத்தின் தீர்வையற்ற கடைக்குள் நுழைந்தபோது, என் நெடுநாள் வாதத்துக்கு ஒரு நல்ல சான்று கிடைத்துவிட்டதென்று உள்ளூர மகிழ்ந்தேன். ஸ்கொட்லாந்தின் விஸ்கி, பிரான்சின் வாசனைத் திரவியம், சுவிற்சர்லாந்தின் சொக்கிலேற். பயணி பணத்தைக் கொடுப்பது தீவில். அது போய்ச் சேர்வது வேறெங்கோ. தட்டுத் தட்டாக நின்று, பொருள்கள் எந்தெந்த நாட்டவை என்று வாசித்துக் குறிப்பேட்டில் எழுதினேன்.

மூலையிலிருந்த ஒரேயொரு தட்டில் மட்டும் அந்தத் தீவின் பொருள்கள் இருந்தன. உள்ளூர் மரமொன்றின் இலையிலிருந்து வடித்த வாசனை நீர் அவற்றுள் ஒன்று. மனைவி அதில் ஒரு துளியை மணிக்கட்டில் தடவிக்கொண்டு, கையை என் பக்கம் நீட்டினாள்.

“மணந்து பாருங்கோ.”

“கொஞ்சம் பொறும்,” என்றேன். ஒரு தட்டு இன்னும் மிச்சமிருந்தது.

அவள் அதை வாங்கினாள். விற்பனைப் பெண் போத்தலையும் பற்றுச்சீட்டையும் ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் பையில் இட்டு முத்திரையிட்டு, ரொறொன்ரோ போய்ச் சேரும்வரை திறக்க வேண்டாம் என்றாள். இடையில் விமானம் மாற வேண்டும். அங்கே இன்னொரு சோதனை உண்டு, முத்திரை கிழிந்த திரவங்களை விடமாட்டார்கள்.

சிறிய விமானத்தில் அவள் உறங்கிவிட்டாள். எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. உள்ளூர்ப் பொருள் என்று விற்கப்படுபவை பல, வேறு நாட்டில் போத்தலில் அடைக்கப்பட்டு, தீவின் பெயரை மட்டும் தாங்கி வருபவை. இது எங்கே செய்யப்பட்டதென்ற வரியைப் பற்றுச்சீட்டு மறைத்திருந்தது. பையைக் கிழித்தேன். லேபலின் கடைசி வரியை வாசித்தேன். அந்தத் தீவிலேயே செய்யப்பட்டதுதான். திருப்தியுடன் குறிப்பேட்டில் பதிந்தேன்.

விமானம் மாறுமிடத்தில் அதிகாரி கிழிந்த பையைத் தூக்கிப் பார்த்தார். போத்தலைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து தன் சப்பாத்தை மாட்டிக்கொண்டாள். ரொறொன்ரோவில், அழைத்துப் போக வந்த மகளிடம், “பறிச்சுப்போட்டாங்கள்,” என்று மட்டும் சொன்னேன்.

அவளுடைய முதலாண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. படையலில் வைப்பதற்கு அம்மாவுக்குப் பிடித்தவை என்னென்ன என்று மகள் மிசிசாகாவிலிருந்து பட்டியல் கேட்டாள். அந்தப் போத்தல் படையலில் இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். தீவுக் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். புறப்படும் பயணிக்கு மட்டுமே விற்க முடியும், தபாலில் அனுப்ப முடியாது என்று ஒரு பெண் பணிவாக விளக்கினாள். தீவை விட்டு வெளியேறுவதால்தான் பொருளுக்குத் தீர்வையில்லை. இந்த விதியை நானே முப்பது ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன்.

மிசிசாகாவின் அங்காடிகளிலும் ரெக்ஸ்டேலின் கடைகளிலும் தேடிக் களைத்த பின், பார்க்டேலில் ஒரு கரீபியன் பலசரக்குக் கடையில் அதே நிற நீரைக் கண்டேன். போத்தலில் இருந்தது வேறொரு தீவின் பெயர். இலை ஒன்றுதான், வாசமும் ஒன்றுதான் என்று சொல்லி, கடைக்காரர் மூடியைத் திருகி என் முன்னே நீட்டினார். குனிந்தேன். அதே வாசமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பழையதை நான் ஒருபோதும் மணந்து பார்த்திருக்கவில்லை.

வாங்கிக்கொண்டு வந்தேன்.

திவசத்துக்கு முதல்நாள் சாமான்களுடன் வந்த மகள், மேசையில் இருந்ததைக் கண்டாள்.

“உது என்ன அப்பா?”

“படையலில வைக்க. அண்டைக்கு எயார்போட்டில பறிச்சது உதுமாதிரி ஒண்டுதான். அதில அவங்களில பிழை இல்லை. பையை நான்தான் திறந்தனான்.”

“தெரியும்.”

“அம்மா சொன்னவவோ?”

“அண்டைக்கே சொன்னவ. ‘மனுசன் லேபல் வாசிக்கவெண்டு திறந்திட்டுது, முழுக்க வாசிச்சிருந்தாலாவது பரவாயில்லை’ எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ.”

“முழுக்க எண்டால்?”

மகள் போத்தலை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். “ஷேவ் எடுத்த பிறகு பூசுறது, அப்பா. உங்களுக்கெல்லோ வாங்கினவ.”

அது படையலுக்குப் போகவில்லை. அன்று மாலையே, கதிரையில் இருக்க முடியாமல், சமையலறை மேடையருகே நின்றபடி ஐந்து பக்கங்களையும் எழுதி முடித்தேன். கடைகள் திறக்கப்படுவதாயின் தீவின் பொருள்களை மூலையில் அல்ல, வாசலில் வைக்க வேண்டும் என்றும், அவற்றைப் புறப்படாதவர்களுக்கும் விற்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தேன். இரண்டாவது பரிந்துரைக்கு நான் காரணம் கூறவில்லை. அபிப்பிராயக் கட்டுரையொன்றை அவ்வாறு எழுதியது அதுவே முதல் தடவை.

திவசத்தன்று காலை முகம் வழித்து, உள்ளங்கையில் சிறிது ஊற்றிக் கன்னத்திலும் மணிக்கட்டிலும் பூசிக்கொண்டேன். படத்தின் முன் பூ வைக்கையில் மகள் அருகே நின்றாள்.

“மணக்குது அப்பா.”

“என்ன மாதிரி?”

“கராம்பு மாதிரி.”

பூவை வைத்துவிட்டு, குனிந்து என் மணிக்கட்டை மணந்தேன். கராம்புதான்.